பல் மருத்துவப் படிப்பிற்கு ஆயத்தம் செய்தல்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், பல் மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவர், விண்ணப்பிப்பதற்கு முன் தம்மை எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது. "பல் டாக்டர் பேசவேண்டிய பொருளை இரயில்வே குமாஸ்தா பேசுவானேன்?" என்று சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். நாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு நமது பள்ளிப் படிப்பு நின்றது. அதன்பின் அலுவலகக் கோப்புகளே நமக்குப் பாடப் புத்தகங்கள் ஆயின. ஆயினும் காலனிப் பிள்ளைகளின் விண்ணப்பங்களை நிரப்பித் தரும் வேலை பல ஆண்டுகளாக நம்மிடம் வந்து சேர்கிறது. அதனால் கண்டதும், கேட்டதும், கேட்டபின் தேடிப் படித்ததும் உண்டு. அவற்றையே இங்கு முறைப்படுத்திச் சொல்ல முன்வந்துள்ளோம்.

நீட் தேர்வு முடிவு வெளிவரும் நாட்களில் நம் காலனியில் ஒரு சொற்றொடர் வீட்டுக்கு வீடு ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். "எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் பி.டி.எஸ்." என்பதே அது. இரண்டு படிப்புகளுக்கும் ஒரே தேர்வு, ஒரே தரவரிசை. ஆதலின் இப்படி நினைப்பது இயற்கையே. ஆனால் இந்தக் "கிடைக்காவிட்டால்" என்ற சொல்லின் மேல் ஒரு பிள்ளையின் ஐந்தாண்டுகளையும், அதற்கப்பால் முப்பது நாற்பது ஆண்டுத் தொழிலையும், ஒரு குடும்பத்தின் சேமிப்பையும் ஏற்றி வைக்கிறோம். மிஞ்சியதை எடுத்துக்கொள்வது போல் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டவர், அத்தொழிலில் மனம் ஒன்றி உழைப்பது அரிது. அவரிடம் வாயைத் திறந்து காட்டும் நோயாளிக்கும் அது நன்மை அன்று. பல் மருத்துவத்தை ஒருவர் ஏற்பதாயின் தெரிந்து ஏற்கட்டும், மறுப்பதாயின் தெரிந்து மறுக்கட்டும். இதுவே நமது உரையின் சாரம்.

முதலில் சேர்க்கை முறையைப் பார்ப்போம். 2025 ஆம் ஆண்டு நடைபெற்ற நீட் தேர்வில் 180 வினாக்கள். அவற்றுக்கு 180 நிமிடங்கள். மொத்த மதிப்பெண் 720. இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90 வினாக்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் சேரும், தவறான விடைக்கு ஒன்று குறையும். இதில் பெற்ற மதிப்பெண்ணே இடத்தை முடிவு செய்கிறது. மாணவர் எத்தனை நூல்களைப் படித்தார், ஒரு பல் மருத்துவரின் பக்கத்தில் எத்தனை நாள் அமர்ந்து பார்த்தார் என்று எவரும் கேட்பதில்லை. பிரிட்டன் நாட்டில் முறை வேறு. அங்கே அக்டோபர் 15 ஆம் தேதிக்குள் விண்ணப்பம் அனுப்ப வேண்டும், நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். அதன்பின் நேர்காணலில், "பல் மருத்துவ நிலையத்தில் என்ன கண்டாய்? அதிலிருந்து என்ன உணர்ந்தாய்?" என்ற வகைக் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். அவ்வாறு சொல்லத் தெரியாதவருக்கு இடம் கிடைப்பது கடினம்.

நம் நாட்டில் கல்லூரி அக்கேள்வியைக் கேட்பதில்லை. ஆதலின் அக்கேள்வியை வீட்டில் நாமே கேட்டாக வேண்டும். படித்தறிவதும் பார்த்தறிவதும் இங்கே மதிப்பெண்ணுக்காக அல்ல, பிள்ளை தன் மனத்தைத் தானே அறிந்துகொள்வதற்காக.

இனி, அந்தப் படிப்பு எத்தகையது? பி.டி.எஸ். என்பது நான்காண்டுக் கல்வியும் ஓராண்டுப் பயிற்சியும் சேர்ந்து ஐந்தாண்டு. பல்லைப் பற்றி மட்டும் படித்தால் போதும் என்று நினைப்போர் உளர். அது சரியன்று. முதலாண்டில் மனித உடல் முழுவதன் அமைப்பும் இயக்கமும் படிக்க வேண்டும். அடுத்து நோய்க் கூறுகள், நுண்ணுயிரிகள், மருந்துகள் பற்றிய பாடங்கள் வருகின்றன. மூன்றாம் ஆண்டில் பொது மருத்துவமும் பொது அறுவையும் உண்டு. ஈறு நோய், பல் சீரமைப்பு, செயற்கைப் பல் பொருத்துதல், குழந்தைகளின் பல் சிகிச்சை, தாடை அறுவை ஆகியவை இவற்றின் மேல் கட்டப்படுவன.

இதில் கைக்கும் பெரிய பங்கு உண்டு. முதலாண்டு மாணவர் மெழுகுக் கட்டியில் பல்லின் உருவத்தை அளவு பிசகாமல் செதுக்கிக் காட்ட வேண்டும். மேல்வரிசைப் பற்களின் பின்புறத்தை நேரே பார்க்க இயலாது. சிறு கண்ணாடியை வாயினுள் வைத்து, அதில் இடம் மாறித் தெரியும் உருவத்தைப் பார்த்தே கையை இயக்க வேண்டும். கழுத்தும் முதுகும் நோகும் வேலை அது. மூளைக்கு மட்டும் தேர்வு வைத்து இடம் தருகிறார்கள், ஆனால் கைக்கும் முதுகுக்கும் பொறுமைக்கும் தேர்வு உள்ளே போன பிறகு வருகிறது.

ஆகவே ஆயத்தத்தின் முதற்பகுதி படிப்பு. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாட நூல்களே தலையாயவை, அவற்றை ஒதுக்கி வேறு நூல் தேடுதல் கூடாது. அவற்றோடு வாரத்தில் இரண்டு மணி நேரம், ஞாயிறு காலைப் பொழுதாயினும் சரி, வாயையும் பல்லையும் பற்றிப் படித்தால் போதும். படித்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தன் சொந்தச் சொற்களில் எழுதி வைக்க வேண்டும்.

என்ன படிப்பது? முதலில் பல்லின் அமைப்பு. பாற்பற்கள் 20. நிலைத்த பற்கள் 32: வெட்டுப் பற்கள் 8, கோரைப் பற்கள் 4, முன்கடைவாய்ப் பற்கள் 8, கடைவாய்ப் பற்கள் 12. ஏறத்தாழ ஆறு வயதில் முதல் நிலைத்த கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பாற்பல்லும் விழாமல் வரிசையின் கடைசியில் அது வருவதால், அதையும் பாற்பல் என்றே எண்ணிப் பெற்றோர் கவனியாது விடுகின்றனர். இவ்வொரு செய்தியை அறிந்த மாணவி தன் தம்பியின் வாயைப் பார்த்துத் தாயாரை எச்சரிக்கலாம் அன்றோ?

பற்களுக்கு எண் இடும் முறை ஒன்று உண்டு. இரயில் பெட்டி எண்களோடு பழகிய நமக்கு அது மிகவும் பிடித்தது. வாயை நான்கு பகுதியாக்கி, நோயாளியின் மேல் வலம் 1, மேல் இடம் 2, கீழ் இடம் 3, கீழ் வலம் 4 என்பர். ஒவ்வொரு பகுதியிலும் நடுவிலிருந்து 1 முதல் 8 வரை எண்ணுவர். 36 என்றால் கீழ் இடப் பகுதியின் ஆறாம் பல். சற்று முன் சொன்ன அந்த முதற் கடைவாய்ப் பல்லே அது. நம் பிள்ளைகள் ஒரு மாலைப் பொழுதில் இதனைக் கற்றுவிடுவர்.

அடுத்து நோயின் காரணம். வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் உடலிலேயே கடினமான பொருளாகிய பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. அதுவே சொத்தை. புழு அரிப்பதாக முன்னோர் நினைத்ததை மாற்றிய ஆய்வுகளின் வரலாறு சுவையானது. 1683 இல் லேவன்ஹுக் என்ற ஹாலந்து நாட்டவர் தம் பல்லில் படிந்த அழுக்கைச் சுரண்டி உருப்பெருக்கியில் வைத்து, அதில் சிற்றுயிர்கள் அசைவதைக் கண்டெழுதினார். 1890 இல் மில்லர் என்பவர் அமிலத்தின் பங்கை விளக்கும் நூலை வெளியிட்டார். வலியின்றிப் பல் எடுக்க முடியுமா என்று அறிய, 1844 இல் ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்து தம் பல்லையே பிடுங்கச் செய்தார். பலூசிஸ்தானத்து மெஹர்கர் என்னும் இடத்தில் ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதப் பற்களில் துளையிட்ட தடயங்கள் இருப்பது 2006 இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. பல் மருத்துவம் நேற்று முளைத்த தொழில் அன்று.

நாம் குடியேறி வாழும் இந்த வங்க மண்ணில் ஒருவரின் வரலாற்றைப் படிக்காமல் எந்த மாணவரும் பல் மருத்துவத்திற்கு விண்ணப்பிக்கலாகாது. டாக்டர் ரஃபியுதீன் அகமது 1890 இல் பிறந்தார். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் கற்று 1915 இல் பட்டம் பெற்றார். நாடு திரும்பி, 1920 இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதற் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அதற்குப் பணம் வேண்டுமே! சோடாவும் குளிர்பானமும் விற்கும் கடை ஒன்றை அந்நகரில் நடத்தி, அதன் வருவாயைக் கல்லூரிக்குச் செலவிட்டார். இனிப்பு விற்ற பணத்தில் பல் மருத்துவம் வளர்ந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். மாணவருக்காக 1928 இல் நூலும் எழுதினார். 1949 இல் அக்கல்லூரியை மேற்கு வங்க அரசுக்கே கொடையாக அளித்தார். 1964 இல் பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கும் அக்கல்லூரி, நாம் அடிக்கடி சென்று இறங்கும் சியால்தா நிலையத்துக்கு அண்மையிலேயே உள்ளது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் 1953 ஆம் ஆண்டு. "கிடைக்காவிட்டால்" என்று நாம் இழுத்துச் சொல்லும் படிப்பைத் தம் முதல் விருப்பமாகக் கொண்டு ஒருவர் வாழ்நாளையே கொடுத்திருக்கிறார் என்பதை நம் பிள்ளைகள் அறியட்டும்.

ஆயத்தத்தின் இரண்டாம் பகுதி, பணியிடத்தை நேரில் கண்டறிதல். பதினொன்றாம் வகுப்பு முடிந்த விடுமுறை அதற்கு ஏற்ற காலம். தேர்வு எழுதி முடித்த பின், கலந்தாய்வு தொடங்கும் வரை கிடைக்கும் வாரங்களும் ஏற்றவையே. கடைத்தெருவில் உள்ள பல் மருத்துவரிடம் தந்தையோ தாயோ பிள்ளையை அழைத்துச் சென்று, நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஓரமாக அமர்ந்து பார்க்க அனுமதி கேட்கலாம். இரயில்வே மருத்துவமனையில் பல் பிரிவு இருக்குமாயின் பொறுப்பு மருத்துவ அதிகாரிக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். ஒருவர் மறுத்தால் வருந்த வேண்டா, வேறொருவரைக் கேட்கலாம்.

அங்கே நடந்துகொள்ளும் முறை முக்கியம். நோயாளி சம்மதித்தால் மட்டுமே அருகில் இருக்க வேண்டும். கண்டவர் பெயரையும் நோயையும் காலனிக்கு வந்து பேசலாகாது. நோட்டிலும் பெயர் எழுதலாகாது. கருவிகளைத் தொடுதல் கூடாது. நோயாளியின் வாயில் கை வைத்தல் அறவே கூடாது. பல் மருத்துவத் தொழிலை முறைப்படுத்தவும், பதிவு பெறாதவர் அதைச் செய்வதைத் தடுக்கவும் 1948 ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. வரவேற்பு மேசையில் பெயர் பதிதல், நோயாளிகளை வரிசையாக அழைத்தல் போன்ற சிறு உதவிகள் செய்யலாம்.

எதைக் கவனிப்பது? ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையே கருவிகள் எப்படித் தூய்மை செய்யப்படுகின்றன என்பதைக் காண வேண்டும். ஆட்டோகிளேவ் என்னும் கலத்தில் அழுத்தமுள்ள நீராவியில் 121 டிகிரி வெப்பத்தில் 15 நிமிடம் வைப்பது ஏன் என்று கேட்க வேண்டும். பயந்து அழும் குழந்தையை மருத்துவர் எப்படி அமைதிப்படுத்துகிறார், செலவுக்கு அஞ்சும் ஏழைக்கு எப்படி எடுத்துச் சொல்கிறார் என்பதைக் கேட்க வேண்டும். கைனியும் குட்காவும் மென்று வாய் திறக்க முடியாமல் வருவோரை நம் பகுதியில் காண்பது அரிதன்று. வாய்ப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படும் நாடுகளுள் நம் நாடு ஒன்று. கன்னத்தின் உட்புறத்து வெண்படலத்தை முதலில் காணும் கண் பெரும்பாலும் பல் மருத்துவருடையதே. "பல்லைப் பிடுங்குபவர்தானே" என்று சொல்லும் வாய், அதன்பின் அவ்வாறு சொல்லாது.

செயற்கைப் பல் செய்யும் பட்டறைக்கும் ஒருநாள் சென்று வரலாம். அங்கே மாவுக்கல்லிலும் மெழுகிலும் நடைபெறும் நுண்ணிய வேலையைக் கண்டபின், வீட்டில் ஒரு சவர்க்காரக் கட்டியை எடுத்துக் கடைவாய்ப் பல் ஒன்றைச் செதுக்கிப் பார்க்கட்டும். கத்தியைக் கையாளும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். முதற் கட்டி உருளைக்கிழங்கு போல் வரும். பத்தாவது கட்டியையும் ஆர்வத்தோடு எடுக்கிறானா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

நம் காலனியில் நடந்த இரண்டு செய்திகளைச் சொல்கிறோம். கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரின் மகள், விடுமுறையில் மூன்று வாரம் ஒரு பல் மருத்துவரிடம் அமர்ந்து பார்த்தாள். முதல் நாள் பல் எடுப்பதைக் கண்டு தலைசுற்றி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தாயார், "இனிப் போகவேண்டாம்" என்றார். மறுநாள் அவளே புறப்பட்டுப் போனாள். கடைசி வாரத்தில், காய்கறி விற்கும் மூதாட்டி ஒருவருக்குப் புதிய பல் வரிசை பொருத்தியதையும், அவர் கண்ணாடியில் நெடுநேரம் தம்மைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் நோட்டில் எழுதியிருந்தாள். அவ்வாண்டே பல் மருத்துவம்தான் தன் முதல் விருப்பம் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். இன்று மூன்றாம் ஆண்டில் படிக்கிறாள்.

மற்றொருவன், நிலைய அலுவலர் ஒருவரின் மகன். நல்ல மதிப்பெண் வாங்கக்கூடியவன். பத்து நாள் பார்த்தபின், "அப்பா, மணிக்கணக்காக ஓரங்குல இடத்தைக் குனிந்து பார்க்கும் வேலை எனக்கு இசையாது" என்றான். தந்தைக்குக் கோபம் வந்தது. சில நாள் பேச்சில்லை. பின்னர் அவரே நம்மிடம், "பத்து நாளில் தெரிந்ததே, அதுவும் நல்லதுதான்" என்றார். அவன் புள்ளியியல் படித்து இப்போது வேலையில் இருக்கிறான். இவ்விருவரில் யாருடைய ஆயத்தம் வென்றது என்று கேட்டால், இருவருடையதும் என்றே சொல்வோம்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கென்று இன்னொரு ஆயத்தமும் தேவை. அரசுக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீடு. எஞ்சிய 85 விழுக்காடு அந்தந்த மாநிலத்திற்குரியது. பிள்ளை பள்ளியில் படித்த மாநிலம் ஒன்று, தந்தையின் சொந்த ஊர் உள்ள மாநிலம் வேறு, மாற்றல் உத்தரவு வந்த மாநிலம் மூன்றாவது என்றிருக்கும் நமக்கு, எந்த மாநில ஒதுக்கீட்டில் உரிமை உண்டு என்பதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே அறிந்துகொள்வது நலம். மாநிலத்திற்கு மாநிலம் விதி மாறும். சாதிப் பட்டியலும் மாறும். தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள ஒரு பிரிவு இங்குள்ள பட்டியலில் இல்லாதிருக்கலாம், மத்திய அரசின் பட்டியல் வேறாக இருக்கலாம். அவ்வாண்டுக்குரிய விதித் தொகுப்பை வரிவரியாகப் படித்து, இருப்பிடச் சான்று, பள்ளிச் சான்று ஆகியவற்றை முன்னதாகவே எடுத்து வைக்க வேண்டும். தனியார் கல்லூரியாயின் ஐந்தாண்டுக்கும் சேர்த்துச் செலவைக் கணக்கிட்டு, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேச வேண்டும். கடனைக் கட்டும் காலத்தில் அவனும் பங்காளி அன்றோ?

"படிக்கவே நேரம் போதவில்லை, இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று தாய்மார்கள் கேட்கலாம். வாரத்துக்கு இரண்டு மணி நேரப் படிப்பும், ஒரு விடுமுறையில் இரண்டு மூன்று வாரமுமே நாம் கேட்பது. உறவினர் திருமணத்திற்கு ஊருக்குப் போய் வரவும் அவ்வளவு நாள் ஆகிறது.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்க நூலகத்தில் மருத்துவப் படிப்பு பற்றிய நூல்களுக்கென ஓர் அலமாரித் தட்டு ஒதுக்க வேண்டும். இப்பகுதியில் பிள்ளைகளை அமர வைத்துக் காட்ட இசையும் பல் மருத்துவர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். பல் மருத்துவம் படித்துவரும் நம் காலனிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறை அழைத்து, இளையவர்களோடு பேசச் செய்ய வேண்டும். இதற்குச் செலவு மிகுதியில்லை. எழுத்து வேலையை நாமே செய்து தர ஆயத்தமாக உள்ளோம்.

மாணவச் செல்வங்களே! தமிழும் இந்தியும் வங்காளமும் ஆங்கிலமும் உங்கள் நாவில் புழங்குகின்றன. வலியோடு வரும் ஒருவரிடம் அவருடைய மொழியிலேயே "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கக்கூடிய மருத்துவராக நீங்கள் ஆகலாம். ஆனால் அதை உங்கள் விருப்பமாக ஏற்று ஆகுங்கள். படியுங்கள்; போய்ப் பாருங்கள்; பார்த்தபின் உங்கள் பெற்றோரிடம் மனம் திறந்து சொல்லுங்கள். பெற்றோர்களே, அப்படிச் சொல்ல வரும்போது பொறுமையோடு கேளுங்கள்.